பான்ஃபும் மசினகுடியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு வரம்பு வைக்கும் இ-பாஸ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு ஊர் மசினகுடி, நீலகிரி அடிவாரத்தில் முதுமலைக் காட்டையொட்டி. அப்பா மாடு மேய்த்தார், நான் ஜீப் ஓட்டுகிறேன். 2018-ல் யானை வழித்தடத்தில் இருக்கின்றன என்று ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தபோது எங்கள் தெருவில் பலருக்குப் பிழைப்பு போயிற்று. சமவெளியில் உட்கார்ந்துகொண்டு யானையைக் காப்பாற்று என்பது சுலபம். கனடாவில் பான்ஃப் என்ற மலைப் பூங்காவுக்குள்ளேயே ஊர், ஹோட்டல், நடுவில் நான்குவழிச் சாலை எல்லாம் இருப்பதை யூடியூபில் பார்த்தேன். அவர்கள் செய்தால் சரி, நான் என் வீட்டுக்கு ஒரு மாடி எடுத்தால் குற்றமா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

பான்ஃபை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. அங்கே உள்ளது மசினகுடிக்கு வரட்டும், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் யூடியூபில் தெரியாததும் சேர்ந்து வர வேண்டும்.

முதலில், பான்ஃப் ஒன்றும் தவத்தில் பிறந்த பூங்கா இல்லை. 1885-ல் வெந்நீர் ஊற்றைச் சுற்றிக் கொஞ்சம் நிலத்தை அரசு ஒதுக்கியது. ரயில் கம்பெனிக்குப் பயணிகள் வேண்டியிருந்தது, 1888-ல் பெரிய ஹோட்டலைத் திறந்தார்கள். வியாபாரம்தான். கடிவாளம் பின்னால் வந்தது. இன்று ஊருக்குள் நிலம் யாருக்கும் சொந்தமில்லை, எல்லாம் அரசிடமிருந்து குத்தகை. குடியிருக்க வேண்டுமென்றால் அங்கே வேலை பார்க்க வேண்டும், அல்லது தொழில் நடத்த வேண்டும், அல்லது அப்படி இருந்து ஓய்வு பெற்றவராக, அவர்கள் குடும்பத்தாராக இருக்க வேண்டும். டொராண்டோ பணக்காரர் வார இறுதிக்கென்று ஒரு வீடு வாங்கிப் போட முடியாது. ஊரின் எல்லை நகராது. கடை, ஹோட்டல்களின் மொத்தப் பரப்புக்கும் 1998-லேயே உச்சவரம்பு போட்டுவிட்டார்கள்.

அந்த நான்குவழிச் சாலைக்கு வருவோம். சுமார் 80 கிலோமீட்டருக்கு இருபுறமும் வேலி. விலங்குகள் கடக்க 44 வழிகள்: 6 மேலே, 38 கீழே. மேலே போகும் பாலங்களில் மண் கொட்டி மரம் வளர்த்திருக்கிறார்கள். வாயில்களில் மண்ணை வாரிச் சமன்படுத்தி வைத்து, மறுபடி வந்து காலடித் தடங்களை எண்ணினார்கள் ஆய்வாளர்கள். கிரிஸ்லி கரடி அந்தப் பாலங்களை நம்பி ஏறுவதற்குச் சில வருடங்கள் பிடித்தன. வாகனத்தில் அடிபடுவது எண்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நம் பக்கம் பந்திப்பூர் சாலையில் 2009 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்தை நிறுத்தியதோடு சரி. செலவில்லாத வழி, பலனும் உண்டு. ஆனால் பகல் நெரிசல் அப்படியேதான்.

இனி உங்கள் ஊர். தெற்கே நீலகிரியின் செங்குத்துச் சரிவு, வடக்கே மோயாற்றுப் பள்ளம். யானைக் கூட்டம் அதில் ஏறவும் முடியாது, இதில் இறங்கவும் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குத் தொடர்ச்சி மலைக்குப் போக, நடுவில் இருக்கும் சீகூர்ப் பீடபூமிதான் வழி. குன்னூரில் ஒரு காட்டேஜ் கட்டுவதும் உங்கள் ஊர்ப் பக்கம் பொக்காபுரத்தில் சோலார் வேலியோடு கட்டுவதும் ஒன்றாகாது என்பதற்குக் காரணம் இதுதான். 2021 ஜனவரியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு ஆண் யானை மேல் எரியும் டயரைத் தூக்கி எறிந்தார்கள். காதில் தீயோடு அது ஓடிய வீடியோவை உங்கள் ஊரில் பார்க்காதவர் இருக்க மாட்டார்.

அப்படியானால் உங்கள் மாடி? இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். 2010-ல் இதை யானை வழித்தடம் என்று அரசு அறிவிக்கை வந்தபோது பட்டா வைத்திருந்த விவசாயியும் ரிசார்ட் முதலாளியும் ஒரே வரைபடத்துக்குள் விழுந்தார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் அறிவிக்கையை உறுதி செய்து, ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி வெங்கட்ராமன் தலைமையில் குழு அமைத்தது. வக்கீல் வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பது ரிசார்ட்காரருக்குச் சிரமமில்லை. ஜீப் ஓட்டுகிறவருக்கு?

இ-பாஸ் இந்தக் கட்டட விஷயத்தைத் தொடவே இல்லை. 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் கணக்கு வைத்தது. ஊட்டி நெரிசலுக்கு அது தேவைதான். ஆனால் வண்டி ஜூனில் இறங்கிப் போய்விடும், கட்டடம் போகாது. யார் கட்டலாம், யார் வாங்கலாம், மொத்தம் எத்தனை அறை என்பதற்கு அல்லவா வரம்பு வேண்டும்? பான்ஃபிடம் நான் கேட்டு வாங்க விரும்புவது இதைத்தான்.

இன்னொன்று. வளர்ச்சி என்றாலே ரிசார்ட் என்று ஆனது எப்போது? மசினகுடிக்கு வரும் வழியில் தெப்பக்காட்டில் பழைய பாலத்தை இடித்துப் புதிது கட்டி முடிக்கும்வரை மழையில் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்தப் பாலத்தை எந்த யானை ஆர்வலரும் எதிர்க்கவில்லை. உங்கள் அப்பா காலத்தில் மாட்டுப் பட்டியிலிருந்து சாணம் லாரி லாரியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போனது. பிறகு மேய்ச்சலுக்குக் கட்டுப்பாடு வந்தது, புல் இருந்த இடத்தை உண்ணிச்செடி என்ற களை பிடித்துக்கொண்டது. இப்போது அதே உண்ணிச்செடியை வெட்டிப் பழங்குடிக் கைவினைஞர்கள் முழு அளவு யானை பொம்மைகள் செய்கிறார்கள், அவை லண்டன் பூங்காக்கள் வரை போய்விட்டன. ஊர் முழுவதற்கும் இது சோறு போடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உண்ணிச்செடியை அகற்றும் வேலை மட்டுமே பல வருடத்துக்கு இருக்கிறது. அதை உள்ளூர்க்காரர்களுக்கே தருவதும், வேட்டைத் தடுப்புக் காவலர்களை ஒப்பந்தத்தில் இழுத்தடிக்காமல் நிரந்தரமாக்குவதும் அரசு நினைத்தால் நடக்கும்.

பான்ஃபிடம் வாங்கக் கூடாததும் உண்டு. ஸ்டோனி நகோடா என்ற அந்தப் பகுதிப் பழங்குடி மக்களை அவர்கள் வேட்டையாடிய காட்டிலிருந்து வெளியேற்றிவிட்டு, வருடா வருடம் பயணிகள் முன் ஆட அழைத்து வந்தார்கள். இங்கே இருளருக்கும் குறும்பருக்கும் 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறது, காகிதத்தோடு நிற்காதவரை. அப்புறம் கான்மோர். பூங்கா வாசலுக்கு வெளியே இருக்கும் பழைய நிலக்கரி ஊர். 1979-ல் சுரங்கம் மூடியது. உள்ளே வாங்க முடியாத பணமெல்லாம் அங்கே இறங்கியது. இன்று உள்ளூர்த் தொழிலாளிக்கு அங்கே வாடகை கட்டி மாளவில்லை. மசினகுடியை இறுக்கினால் அந்தப் பணம் கூடலூருக்கும் மேல் நீலகிரிக்கும் போகும். இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

உங்களிடம் ஒரே கேள்வி. அந்த மாடியில் இருக்கப்போவது யார்? கல்யாணமாகப் போகும் மகன் என்றால் மனுவை எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆன்லைனில் புக்கிங் எடுக்க என்றால், பான்ஃபிலும் நினைத்தவுடன் விட்டுவிட மாட்டார்கள்.