தீபாவளி தாம்பாளத்துல என்னென்ன வைக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு அம்மா வீடு நாகர்கோவில், மாமியார் வீடு கேரளாவுல பாறசாலை பக்கம். இந்த தீபாவளிக்கு ரெண்டு வீட்டு ஆளுங்களும் எங்க வீட்டுக்கு வராங்க, பிள்ளைங்களையும் சேத்தா இருவது பேரு வரும். ரீல்ஸ்ல காட்டுறாங்களே, ஒரே பெரிய தட்டுல எல்லா ஸ்வீட்டையும் அடுக்கி நடுவுல வச்சு ஆளாளுக்கு எடுத்து சாப்பிடுற மாதிரி, அப்படி செய்யணும்னு ஆசை. பிரவுனி, கப்கேக் எல்லாம் வாங்கணுமா, நம்ம பலகாரமே போதுமா? எவ்வளவு வேணும்? (வாசகி, களியக்காவிளை)

பதில்: பிரவுனிக்கு ஏன் தங்கச்சி காசு செலவு பண்ற, அது எந்த ஊர்லயும் கிடைக்கும். ரெண்டு வீட்டுப் பலகாரத்த வச்சாலே தாம்பாளம் நெறஞ்சிரும். ரீல்ஸ்ல வர்ற தட்டு போட்டோவுக்குன்னே அடுக்குறது, பதினஞ்சு ஐட்டம் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு அது என்ன கதியில இருக்குன்னு யாரும் வீடியோ போடுறதில்ல. நமக்கு ஐப்பசின்னா மழை, காத்தே ஈரமா இருக்கும், அதுல அல்வாவையும் அச்சுமுறுக்கையும் ஒட்டி வச்சா முறுக்கு நமத்துப் போயிரும். அதனால முதல்ல பலகாரத்த மூணா பிரிச்சுக்கோ: காஞ்சது, நெய் விடுறது, பால் சேந்தது. இந்த மூணும் ஒண்ண ஒண்ணு தொடாம வச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

காஞ்சதுல நாகர்கோவில் பக்கத்துக்கு முந்திரிக்கொத்து கட்டாயம். அத தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடியே சுட்டு வச்சிரு, டப்பாவுல ரெண்டு வாரம் தாராளமா இருக்கும். சிறுபயறை வாசம் வர்ற வரை வறுத்து கொஞ்சம் நறநறன்னு பொடிச்சு, வறுத்த தேங்காத் துருவல், எள்ளு, ஏலக்கா, சுக்கு சேத்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காச்சி ஊத்தி, சூடு தாங்குற அளவுக்கு ஆறினதும் உருண்டை பிடிக்கணும். பாகு எளசா இருந்தா உருண்டை எண்ணெயில பிரிஞ்சு போகும், ரொம்ப முத்திருச்சுன்னா பல்லு உடையும், தண்ணியில ஒரு சொட்டு விட்டா கரையாம கையில உருட்ட வரணும். பிடிச்ச உருண்டைய அன்னைக்கே சுடாம ராத்திரி அப்படியே வச்சு இறுகவிட்டு மறுநாள் பச்சரிசி மாவுல மஞ்சள்தூள், உப்பு ஒரு சிட்டிகை போட்டு கரைச்சு மூணு மூணா முக்கி போட்டா கொத்து கொத்தா சேந்து வரும். மாவு கெட்டியா இருந்தா தோல் தடிச்சுப் போயி பஜ்ஜி திங்குற மாதிரி ஆயிரும், பயறு தெரியாது.

பாறசாலை பக்கத்துக்கு சர்க்கரை வரட்டி, அதான் ஏத்தங்காய, நேந்திரங்காய்னு சொல்றத, தடியா நறுக்கி வறுத்து வெல்லப்பாகுல பிரட்டி சுக்குப்பொடி தூவுறது. கூடவே உப்பு போட்ட ஏத்தங்கா சிப்ஸ். இந்த உப்பு ஐட்டத்த தயவு செஞ்சு விட்றாத, இனிப்பையே வரிசையா வச்சா ரெண்டாவது துண்டுலயே ஆளுங்களுக்கு திகட்டிரும், நடுவுல ரெண்டு சிப்ஸ் கடிச்சா திரும்ப இனிப்புக்கு கை போகும்.

அப்புறம் போளியும் பால்பாயசமும். திருவனந்தபுரத்து சத்யை விருந்துல இலையில போளிய வச்சு மேல பால்பாயசத்த ஊத்துவாங்க, நாகர்கோவில் கல்யாண வீட்டுலயும் அதே பழக்கம் உண்டு, 1956 நவம்பர் 1ல நம்ம ஜில்லா தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் ரெண்டு ஊரும் ஒரே மாநிலத்து ஊருதானே. அதனால உன் தாம்பாளத்துல ரெண்டு சம்மந்தி வீடும் சண்டையில்லாம சேர்ற எடம் இதுதான்னு எனக்கு தோணுது. பாயசத்த தட்டுல வைக்காத, பக்கத்துல சின்ன சின்ன டம்ளர்ல வை, போளிய நாலா மடிச்சு பாதியா வெட்டி தட்டுல அடுக்கு.

கடைசியா ஒரு சீப்பு மட்டிப் பழம். கன்னியாகுமரி மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நம்ம ஊர் பழத்துக்கு நாமளே மரியாதை கொடுக்கலன்னா எப்படி. உரிச்சு வெட்டி வைக்காத, கறுத்துரும், சீப்பாவே ஓரத்துல வச்சிரு.

அளவு கேட்டியே. சாப்பாடும் இருக்குன்னா ஒரு ஆளுக்கு இனிப்பு 100 கிராம் போதும், மொத்தமா ரெண்டு கிலோ. முந்திரிக்கொத்து ஆளுக்கு ஒண்ணுன்னு வச்சு மேல ஒரு அஞ்சு, சர்க்கரை வரட்டி அரை கிலோ, அல்வா வைக்கிறதா இருந்தா அரை கிலோ, போளி பத்து, பாயசம் ரெண்டு லிட்டர் வச்சா ஆளுக்கு ஒரு சின்ன டம்ளர் வரும். சிப்ஸ் அரை கிலோ. அஞ்சாறு வகைக்கு மேல போகாத, அதுக்கு மேல போனா எல்லாரும் எல்லாத்துலயும் ஒரு கடி கடிச்சிட்டு மிச்சத்த தட்டு ஓரத்துல வச்சிட்டுப் போவாங்க.

பித்தளைத் தாம்பாளமா? அப்ப வாழையிலைய தீயில லேசா வாட்டி, துடைச்சு, விரிச்சிட்டு அடுக்கு. வாட்டின இலை கிழியாது, ஈரம் மட்டும் கண்டிப்பா இருக்கக் கூடாது. மொத்தத்தையும் காலையிலயே எடுத்து பரப்பாம ஆளுங்க வந்து உக்காந்த பெறகு பாதிய வை, காலியாக ஆக டப்பாவுல இருந்து எடுத்து நிரப்பு.

கேள்வி: திருநெல்வேலி அல்வாவ தட்டுல வச்சா நெய் ஓடி பக்கத்துல உள்ளதெல்லாம் ஊறிப் போகுது. என்ன செய்யலாம்? (வாசகர், செங்கோட்டை)

பதில்: அண்ணே, கோதுமைப் பால்ல கிண்டுற அல்வா நெய் விடாம இருந்தாத்தான் சந்தேகப்படணும். அத துண்டு போட முயற்சி பண்ணாதீங்க, சின்ன பேப்பர் கப்புல ஆளுக்கு ஒரு ஸ்பூன் வச்சு கப்போட தட்டுல அடுக்கிருங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சா நெய் உறைஞ்சு வெள்ளையா நிக்கும், வெளியவே இருக்கட்டும், பரிமாறுறதுக்கு முன்னால லேசா சூடு காட்டினா போதும். கடையில வாங்கினா எத்தன நாளைக்குள்ள சாப்பிடணும்னு கேட்டு வாங்குங்க, லூஸ்ல விக்கிற ஸ்வீட்டுக்கும் அந்த தேதிய கடைக்காரர் தெரியுற மாதிரி போடணும்னு 2020 அக்டோபர் 1ல இருந்து விதி இருக்கு.

கேள்வி: என் மாமனாருக்கு சுகர். கருப்பட்டியில செஞ்சதுன்னா சாப்பிடலாம்னு அடம் பிடிக்கிறாரு. கொடுக்கலாமா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: நம்ம ஜில்லாவுல இந்தப் பேச்சு இல்லாத வீடே இல்ல. கருப்பட்டியிலயும் பெரும்பங்கு இருக்கிறது சுக்ரோஸ்தான், சீனியில இருக்கிற அதே சாமான், கொஞ்சம் தாதுச்சத்து கூட இருக்குங்கிறதுக்காக ரத்தத்துல சுகர் ஏறாம இருக்காது. எவ்வளவு சாப்பிடலாம்னு அவர பாக்குற டாக்டர்தான் சொல்லணும், நானோ நீங்களோ முடிவு பண்ற விஷயமில்ல. ஆனா தட்ட முன்னாடி வச்சிட்டு “மாமாவுக்கு கூடாது”ன்னு பத்து பேரு முன்னால சொல்றது இருக்கே, அது ரொம்ப மோசம். வறுத்த கடலை, சுண்டல்னு ஒரு கிண்ணம் தட்டுலயே எல்லாருக்கும் பொதுவா வச்சிருங்க, அவரும் கூட்டத்தோட கை நீட்டி எடுத்துக்குவாரு.

கேள்வி: நாங்க கிறிஸ்துமஸுக்கு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பலகாரத் தட்டு கொடுப்போம். பிளம் கேக், அச்சுமுறுக்கு, தூத்துக்குடி மக்ரூன். சைவம் சாப்பிடுறவங்களுக்கு கேக்க மட்டும் எடுத்துட்டா போதும்ல? (வாசகி, குழித்துறை)

பதில்: போதாதும்மா. மக்ரூனே முட்டை வெள்ளையில முந்திரிப் பருப்புத் தூளும் சீனியும் சேத்து செய்றதுதான். அச்சுமுறுக்கு மாவுலயும் நெறைய வீட்டுல முட்டை ஒடச்சு ஊத்துறாங்க, நீங்க ஊத்துறதுண்டான்னு உங்களுக்குத்தான் தெரியும். அவங்களுக்கு முட்டையில்லாத மாவுல ஒரு ஈடு முதல்ல சுட்டு எடுத்து வச்சிட்டு, அப்புறம் அதே எண்ணெயில மத்தத சுடுங்க. வரிசை மாறினா எண்ணெய மாத்தணும். கொடுக்கும்போது வாய்விட்டு சொல்லிருங்க, அவங்களா கேக்க கூச்சப்படுவாங்க. மக்ரூன கடைசி நிமிஷத்துல டப்பாவுல இருந்து எடுங்க, ஈரக்காத்துல அது சீக்கிரம் பிசுபிசுத்துரும்.

கேள்வி: தட்டுல மிச்சமானத என்ன செய்ய? (வாசகி, தக்கலை)

பதில்: பல கை பட்டத திரும்ப பழைய டப்பாவுல கொட்டாதீங்க, வேற டப்பாவுல போட்டு ரெண்டு நாளைக்குள்ள தீத்துருங்க. போளிய ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் தோசைக்கல்லுல நெய் விட்டு சுட்டா முதல் நாள விட நல்லா இருக்கும். பால்பாயசம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய நின்னிருந்தா யாருக்கும் கொடுக்காதீங்க, நோக்கிட்டு நிக்காம ஊத்திருங்க.