நிக்ஸுக்கு விளக்கேற்றும் வாசகிக்கு

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன். கிரேக்கப் புராணங்களைப் படிக்கப் போய், ஜீயஸ் முதலான ஒலிம்பஸ் தெய்வங்களைவிட அவர்களுக்கு முந்தைய ஆதி தெய்வங்களிடம் மனசு ஒட்டிக்கொண்டது. நிக்ஸ் (இரவு), கையா (பூமி), கேயாஸ் (ஆதி வெறுமை) என்று மூன்று பெயர்களை எழுதி, பூஜை அறையில் ஓரமாக வைத்து விளக்கேற்றி ஊதுவத்தி காட்டுகிறேன். "இவர்களை அந்தக் காலத்திலேயே யாரும் கும்பிடவில்லை, எல்லாம் உன் கற்பனை" என்கிறாள் தோழி. "ஏதாவது ஏடாகூடமாகிவிடப் போகிறது" என்று அம்மா பயப்படுகிறார். நான் செய்வது சரியா? எப்படிச் செய்வது? - பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தோழி சொல்வதில் பாதிதான் உண்மை. கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் பாடிய 'தியோகனி'யில் முதலில் கேயாஸ், பிறகு கையா, டார்ட்டரஸ் (பாதாளம்), ஈரோஸ் (காதல்), அப்புறம் கேயாஸிலிருந்து எரெபஸும் (இருள்) நிக்ஸும் என்று வரிசை போகிறது. அது தெய்வங்களின் வம்சாவளி. எந்த ஊரில் யாருக்குப் பலிபீடம் இருந்தது என்பது வேறு விஷயம். வம்சத்தில் மூத்தவர் என்பதற்காகக் கிரேக்கர்கள் யாருக்கும் கோயில் எழுப்பவில்லை. அதனால் மூவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்காமல் தனித்தனியாகப் பாருங்கள்.

கையாவுக்கு வழிபாடு நன்றாகவே இருந்தது. ஒலிம்பியாவில் சாம்பலால் ஆன அவளுடைய பலிபீடத்தைப் பற்றி கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் எழுதியிருக்கிறார். ஏதென்ஸில் பிள்ளைகளை வளர்ப்பவள் என்ற பட்டப்பெயரோடு அவளுக்குச் சன்னதி இருந்தது. ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டில் இரண்டு படைகளும் போரை நிறுத்திச் சத்தியம் செய்யும் இடத்தில், சூரியனுக்கு வெள்ளைக் கிடாயும் பூமிக்குக் கறுப்புப் பெண்ணாடும் கொண்டுவரச் சொல்கிறான் கிரேக்கர் பக்கத்து அரசன் மெனலாஸ். ஜீயஸுக்குத் தனியாக இன்னொன்று.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஈரோஸைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அம்பும் சிறகுமாக நாம் பார்க்கும் குழந்தைதான், ஆனால் தெஸ்பியே என்ற ஊரில் அவனே பெரிய தெய்வம். அங்கே அவனுடைய மிகப் பழைய திருவுருவம் உளி படாத வெறும் கல். சிற்பி பிராக்ஸிடெலிஸ் செதுக்கிய அழகான பளிங்குச் சிலை பின்னால் வந்து சேர்ந்தது. ஹெசியோட் வாழ்ந்த அஸ்க்ரா கிராமம் அந்த ஊரை ஒட்டியதுதான். முதலில் தோன்றியவர்களில் ஒருவனாக அவர் ஈரோஸைப் பாடியதை இதோடு சேர்த்துப் படித்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

நிக்ஸ் விஷயத்தில் சான்றுகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. மெகாரா நகரத்து மலைக்கோட்டையில் இரவுத் தெய்வத்தின் பெயரால் குறி சொல்லும் இடம் ஒன்று இருந்ததாக அதே பௌசானியஸ் சொல்கிறார். இலியட்டில் ஜீயஸின் கோபத்துக்குத் தப்பி ஓடும் ஹிப்னோஸ் (தூக்கம்) நிக்ஸிடம் அடைக்கலம் புகுகிறான். அவளுக்குப் பிடிக்காததைச் செய்ய அஞ்சி ஜீயஸே பின்வாங்கிவிடுகிறார். அப்புறம், புராணப் பாடகன் ஆர்ஃபியஸின் பெயரால் வழங்கும் ஆர்ஃபிக் துதிகள். ரோமானியர் ஆட்சிக் காலத்தில், பெரும்பாலும் சின்ன ஆசியாவில் (இன்றைய துருக்கி), ஒரு பக்தர் குழு பயன்படுத்திய 87 துதிகளின் தொகுப்பு அது. அதில் நிக்ஸுக்கு ஒரு துதி இருக்கிறது. அவளைத் தேவர்களுக்கும் மனிதர்களுக்கும் தாய் என்று அழைத்து, இருட்டில் மின்னும் பயங்களை விரட்டிவிடு என்று முடிகிறது. ராத்திரி முழுக்க விழித்திருந்து வேலை பார்க்கும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிரார்த்தனையை நான் எங்கே தேடுவேன்?

கேயாஸுக்குக் கோயிலோ திருவிழாவோ இருந்ததற்குச் சான்று இல்லை. இங்கே தோழி சொன்னது சரி. அது ஆள் உருவத்தில் வந்து வரம் கொடுக்கும் தெய்வமாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. நினைத்து வியக்கலாம், தப்பில்லை. படையல் வைக்க வேண்டும் என்று மட்டும் உங்களை நீங்களே கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயரை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

சரி, எப்படிச் செய்வது? கையைக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். கழுவாத கையால் தெய்வத்துக்கு ஊற்றாதே என்று ஹெசியோடே கண்டித்துச் சொல்கிறார். ஊதுவத்தியைக் கையாவுக்குக் காட்டாதீர்கள். மேலே சொன்ன துதித் தொகுப்பில் ஒவ்வொரு தெய்வத்துக்கும் எதைப் புகைக்க வேண்டும் என்று தலைப்பிலேயே குறிப்பு உண்டு. வானத்துக்குக் குந்திரிக்கம், நிக்ஸுக்கு எரியும் கட்டை. கையாவுக்கு எந்தத் தானியமும் ஆகும், பீன்ஸ் வகையும் வாசனைப் பொருட்களும் மட்டும் ஆகாது. மண்ணுக்குள் இருப்பவர்களுக்குப் பாலும் தேனும் தண்ணீரும் ஊற்றுவது பழைய வழக்கம். அதில் நாம் ஒரு வாய் குடிப்பதில்லை, முழுவதையும் மண்ணே குடிக்க வேண்டும். அபார்ட்மென்ட்டில் இருந்தால் பால்கனித் தொட்டியில் ஊற்றலாம், ஆனால் கீழே இறங்கி ஒரு மரத்தடிக்குப் போவது இன்னும் நல்லது. நிக்ஸுக்கு எரியும் கட்டையெல்லாம் வீட்டுக்குள் வேண்டாம், நீங்கள் ஏற்றும் விளக்கே போதும். பலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இதற்கு யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமோ என்ற தயக்கம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. பழைய கிரேக்கத்தில் மதமாற்றச் சடங்கும் இல்லை, எல்லா ஊருக்கும் பொதுவான வேதநூலும் இல்லை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளுக்குத் தடைச்சட்டங்கள் போட்ட பிறகு பூசாரிகளின் தொடர்ச்சியும் அறுந்துபோனது. இன்று கிரேக்கத்தில் அந்த மதத்தை மீண்டும் கையில் எடுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 2007 ஜனவரியில் ஏதென்ஸில் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாடுகளில் ஒரு குழு வெளிப்படையாக வழிபாடு நடத்தியது. 2017-ல் கிரேக்க அரசு அந்த மதத்துக்கு அங்கீகாரமும் கொடுத்தது. அவர்களும் எஞ்சிய நூல்களையும் கல்வெட்டுகளையும் படித்துத்தான் கட்டி எழுப்புகிறார்கள். நீங்களும் படியுங்கள். பழையது எது, நீங்களாகச் சேர்த்துக்கொண்டது எது என்று ஒரு நோட்டில் பிரித்து எழுதி வையுங்கள். அடுத்த முறை தோழி கேட்டால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

அம்மாவின் பயம் நியாயமானது, அதை அலட்சியப்படுத்தாதீர்கள். அன்றைய கிரேக்கர்கள் ஒரு தெய்வத்தை ஏற்க இன்னொன்றைக் கைவிட வேண்டும் என்று நினைத்ததில்லை. கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த திரேஸ் நாட்டுத் தேவியான பென்டிஸுக்கு ஏதென்ஸ்காரர்கள் விழா எடுத்தபோது, சாக்ரடீஸ் பிரேயஸ் துறைமுகம் வரை நடந்துபோய்க் கும்பிட்டுவிட்டு வருவதாகத்தான் பிளேட்டோவின் 'குடியரசு' தொடங்குகிறது. குலதெய்வத்தை நீங்கள் விட்டுவிடவில்லை என்று அம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். நிக்ஸின் துதியைத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள், என்ன கேட்கிறீர்கள் என்று அவருக்கும் தெரியட்டும். பூஜை அறை அவர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் இடம். உங்கள் விளக்கை உங்கள் அறை மேசைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.