வள்ளிக்கு 5 கட்டை, நாரதருக்கு 1 கட்டை: தர்க்கப் பாட்டை எப்படிச் சமாளிப்பது?

வள்ளி திருமண நாடகத்தில் வள்ளியும் நாரதரும் மாறி மாறி வாதிட்டுப் பாடும் தர்க்கப் பாட்டில், இருவர் குரலுக்கும் கட்டை (சுருதியின் உயரம்) ஒத்துவரவில்லையே, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நாரதரை 5 கட்டைக்கு இழுக்காதீர்கள். வள்ளி 5 கட்டையிலேயே பாடட்டும். நாரதர் தன் முறை வரும்போது 1 கட்டையை ஷட்ஜமமாக, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ'வாக வைத்துப் பாடட்டும். வள்ளியின் 'ஸ'தான் நாரதருக்கு 'ப', அதாவது பஞ்சமம். வள்ளி ஷட்ஜமத்தில் வந்து நின்றதும் அதையே பஞ்சமமாகப் பிடித்து இறங்கினால், ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. மிருதங்கத்தையும் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டியதில்லை.

ஒத்திகையில் நாரதர் குரல் உடைவதாக எழுதியிருந்தீர்கள். காட்சி முழுக்க ஆர்மோனியக்காரர் 5 கட்டையை விடாமல் பிடிப்பதுதான் காரணமாக இருக்கும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று மேல் கட்டையில் பாடினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் மேடையில்தான் மைக் இருக்கிறதே!

சந்தேகமிருந்தால், நாரதரிடம் பாட்டின் உச்ச வரியை மட்டும் 5 கட்டையில் மூன்று தடவை நிறுத்தாமல் பாடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை மோவாய் மேலே போய், கழுத்து நரம்பு புடைத்தால் அந்தக் கட்டை அவருக்கு ஆகாது.

ஒன்று, ஆளுக்கு அரை வரியாக வெட்டிக்கொள்ளும் இடத்தில் இப்படிக் கட்டை மாற்றினால் கேட்கச் சகிக்காது. அங்கே மட்டும் நாரதர் தன் பதிலைத் தாளத்தோடு வசனமாகச் சொல்லிவிடட்டும். எங்கள் குழுவில் அப்படித்தான் செய்தோம், கைதட்டலே அந்த இடத்தில்தான் விழுந்தது.

அப்புறம், வள்ளியாக நடிப்பவர் ஐந்தரைக் கட்டைக்கு ஏறினால் நாரதரும் ஒன்றரைக்கு ஏற வேண்டும்.