மருந்தில்லாத காலத்தில் காசநோய் டிஸ்பென்சரி

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் பிரிட்டனின் பல ஊர்களில் காசநோய் டிஸ்பென்சரிகள் (நோயாளிகள் தங்காமல் வந்து செல்லும் மருத்துவ நிலையங்கள்) இயங்கின என்று படித்தேன். காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில்தானே வந்தது? மருந்தே இல்லாமல் அங்கே என்ன செய்தார்கள்?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: நோயாளியைக் கண்டறிவதும், அவரிடமிருந்து வேறு யாருக்கும் தொற்றியிருக்கிறதா என்று தேடுவதுமே அங்கே முதல் வேலை. 1887-இல் எடின்பரோவில் ராபர்ட் பிலிப் தொடங்கிய டிஸ்பென்சரியே இதற்கு முன்னோடி. பின்னர், 1921-ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காசநோய்ச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது.

இருமலோடு வருபவரின் சளியை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்; வசதியுள்ள இடங்களில் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பணியின் உயிர்நாடி, வீடு தேடிச் சென்ற செவிலியர்தான் என்பேன். நோயாளி தனியாகப் படுக்கிறாரா, ஒரே அறையில் எத்தனை பேர் உறங்குகிறார்கள், சன்னல் திறக்கிறதா என்றெல்லாம் பார்த்து, மூடியுள்ள கலத்தில் சளியைத் துப்பக் கற்றுக்கொடுத்து, குழந்தைகளையும் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னவர் அவர். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் நோயை மறைத்த குடும்பத் தலைவர்களின் நம்பிக்கையைப் பெறுவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

சிகிச்சையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மார்புச் சுவருக்கும் நுரையீரலுக்கும் இடையே ஊசி வழியே காற்றைச் செலுத்தி, நோயுற்ற நுரையீரலைச் சுருங்கவைத்து ஓய்வு கொடுத்தார்கள். அந்தக் காற்றை உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையான சானடோரியத்திலிருந்து வீடு திரும்பியவர்களும் மீண்டும் மீண்டும் வந்து காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்கள் ஊருக்கு அடுத்த ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த தாம்பரம் சானடோரியத்தை 1928-இல் நிறுவியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் அங்கே சிகிச்சை பெற்றார். தாம்பரம் சானடோரியத்தை 1937-இல் அரசு ஏற்றது.

டிஸ்பென்சரி முறையின் வலிமைக்கு உறுதியான சான்று பின்னாளில் நம் சென்னையிலிருந்தே கிடைத்தது என்பது எனக்குப் பெருமையளிக்கிறது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டது. நெரிசலான வீட்டில் எளிய உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள்; அவர்களுடன் வசித்த குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் தெரிந்தது. 1959-இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகுதான், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்ளும் முறை உலகெங்கும் பரவியது.