மானியப் பசளை: காசா, மூடையா?

தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். கமக்காரர் அமைப்பில் சில காலம் செயலாளராகவும் இருந்தேன். பசளை மானியம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து: ஐயா, மானியத்தை அரசாங்கம் காசாகத் தருவது நல்லதா, பசளை மூடையாகவா?

இதை எங்கள் கூட்டத்தில் கேட்டால் சண்டைதான். பத்து ஏக்கர் செய்பவர் காசு என்பார். ஒன்றரை ஏக்கர்காரர் மூடை என்பார். காசு வந்த அன்றே உழவு மெசின்காரரும் கடைக்காரரும் அவர் வாசலில் நிற்பார்களே. இரண்டையும் கண்டவர்கள்தானே நாம். 2005க்குப் பிறகு 50 கிலோ மூடை 350 ரூபா. 2016இல் காசு. 2018இல் திரும்பவும் மூடை, 500 ரூபாவுக்கு. அந்த 350 ரூபாக் காலத்தில் மலிவென்று அள்ளிக் கொட்டினோம், நெல்லுக்கு வந்த யூரியா மரக்கறித் தோட்டத்துக்கும் போனது. ஒளிக்க என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால், எதைத் தந்தாலும் திகதி தவறக்கூடாது. மூன்றரை மாத நெல்லுக்கு யூரியா ஏழு கிழமைக்குள் போட்டு முடிய வேண்டும். கதிர் பறிந்த பிறகு வரும் காசு கடனை அடைக்கும், பயிருக்கு உதவாது.

மூதூரிலிருந்து: ஹெக்டேயருக்கு 25,000 ரூபா மானியக் காசு போதுமா?

2024 பெரும்போகத்துக்கு 15,000த்தை 25,000 ஆக்கினார்கள், 2 ஹெக்டேயர் வரைக்கும். ஏக்கருக்குப் பிரித்தால் 10,000 சொச்சம். 2022 சிறுபோகத்தில் இந்தியக் கடனில் வந்த யூரியாவே மூடை 10,000 ரூபா. ஏக்கருக்கு யூரியா மட்டும் இரண்டு மூடைக்குக் கிட்ட வேண்டும். மிச்சத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

வெருகலிலிருந்து: குத்தகை வயல் செய்கிறேன். மானியம் காணிக்காரருக்குப் போகிறது.

தங்கச்சி, நான் அதிகம் கேட்ட முறைப்பாடு இதுதான். விதைப்பவர் ஒருவர், பதிவில் பெயர் இன்னொருவர். போகம் தொடங்கும்போதே காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போய், பயிர் செய்பவர் நீங்கள் என்று பதிவியுங்கள். அவர் வர மறுத்தால், குத்தகைப் பேச்சிலேயே மானியக் காசைக் கழித்துப் பேசுங்கள்.

குச்சவெளியிலிருந்து: சேதனப் பசளை என்றாலே ஏன் இவ்வளவு கோபம்?

சேதனப் பசளையில் எங்களுக்குக் கோபமில்லை தம்பி. வைக்கோலும் மாட்டெருவும் நம் அப்பன் பாட்டன் போட்டதுதான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது எங்கள் வயல் விதைத்தாயிற்று, கடையில் பசளை இல்லை. பயிர் மஞ்சளாகிப் போனது. வழக்கமான விளைச்சலில் பாதிதான் அறுத்தேன். மாறுவதென்றால் நாலைந்து போகம் தந்து மாற்றியிருக்கலாம்.

கந்தளாயிலிருந்து: பட்டியலில் பெயர் இருக்கிறது, காசு மட்டும் வரவில்லை.

முதலில் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பாருங்கள். எங்கள் ஊரில் ஒருவர் ஒரு போகம் முழுக்க அலைந்தார். கடைசியில் பார்த்தால் ஒரு இலக்கம் பிழை.