குளிர் வீட்டில் எந்தப் பூ வாழும்?

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் சொந்தமாக வீடு கட்டிக் குடிவந்தோம். கோவையில் இருந்தபோது பழகிய ஆசையில் மணிபிளாண்ட், அரேகா பனை, துளசி எல்லாம் கொண்டுவந்து வைத்தேன். முதல் மார்கழியிலேயே ஒவ்வொன்றாகப் போய்விட்டன. செடி வளர்க்க எனக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிட்டேன். கோவையில் வேலை பார்க்கும் என் மகன், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று சொல்லி, ஆளுயரச் செயற்கைச் செடிகள் இரண்டு, தொங்கவிடும் ஐவிக் கொடிகள் நான்கு, ஒரு ஜாடி நிறையத் துணி ரோஜாக்கள் வாங்கி அனுப்பியிருக்கிறான். உயிரில்லாத பூ வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். கணவரின் சிகிச்சைக்காக மாதத்தில் பத்து நாள் கோவை போய்விடுவதால் வீடு பூட்டிக் கிடக்கும். நிஜச் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்றும் சொல்கிறார்கள். நான் எதை வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குன்னூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது செயற்கைச் செடி பற்றிய பகுதி அல்ல. கைராசி இல்லை என்று நீங்களே உங்கள்மீது எழுதிக்கொண்ட தீர்ப்புதான். மணிபிளாண்ட்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் உள்ள வெப்பத் தீவு. அரேகா பனை மடகாஸ்கரிலிருந்து வந்தது. துளசிக்கு வெயிலும் வெப்பமும் இல்லாமல் முடியாது. இந்த மூன்றையும் 1,850 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடிய ஊரில், கோவையில் ஊற்றிய அதே அளவு தண்ணீரை ஊற்றி வைத்திருந்தால், எவருடைய கையாக இருந்தாலும் அவை பிழைத்திருக்கப்போவதில்லை. நான் மதுரைப் பக்கத்திலிருந்து கோத்தகிரிக்கு வாழ வந்த முதல் ஆண்டில் எனக்கும் இதேதான் நடந்தது. என் தாயார் கொடுத்தனுப்பிய துளசி தைப் பொங்கலுக்குள் கறுத்து உதிர்ந்தபோது, அதை ஏதோ அபசகுனமாக நினைத்து யாரிடமும் சொல்லாமல் அழுதேன். பின்னால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர்தான், கோத்தகிரிக் குளிரில் துளசியை வீட்டின் வடக்குப் புறம் வைத்தால் அது என்ன செய்யும் என்று கேட்டு, தொட்டியைக் கிழக்குத் திண்ணைக்கு மாற்றச் சொன்னார்.

ஆகவே, நிஜச் செடியா செயற்கைச் செடியா என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்கள் வீட்டின் குளிரை ஒரு குறையாக நினைப்பதை நிறுத்துங்கள். செயற்கைப் பூவுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் காரணம், நிஜப் பூ சீக்கிரம் வாடிவிடுகிறது என்பதுதான். சென்னையிலும் கோவையிலும் அது நியாயமான காரணம். பறித்த பூவும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் உயிர்தான். வெப்பம் கூடக்கூட அந்த மூச்சு வேகமெடுத்து, தண்டில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடுகிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்த வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பூ வியாபாரிகள் குளிர்பதன அறைக்குச் செலவழித்து வாங்கும் அதே குளிர், உங்கள் வரவேற்பறையில் வருடத்தின் பெரும்பகுதி சும்மாவே கிடைக்கிறது. சமவெளியில் மூன்றாம் நாள் தலை சாயும் ரோஜா எங்கள் வீட்டு மேசையில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கிறது. கார்னேஷன் இரண்டு வாரம் நிற்பது எனக்கு வழக்கமான அனுபவம். குன்னூர், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் பசுமைக்குடில் அமைத்துக் கார்னேஷன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், அது உங்களுக்கு எட்டாத பொருளும் அல்ல.

கொய்மலரைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மகன் அனுப்பிய துணி ரோஜா ஜாடியின் இடத்தை நிரப்பப்போவது இதுதான். வாங்கி வந்தவுடன் தண்டின் அடியை ஒரு விரற்கடை அளவு சாய்வாக வெட்டுங்கள். கார்னேஷனாக இருந்தால் கணுவின்மேல் வெட்டாமல் இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டினால்தான் தண்ணீர் நன்றாக ஏறும். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கட்டாயம் கிள்ளிவிட வேண்டும், அவை அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதுமானது. பலருக்குத் தெரியாத ஒன்று: உணவு மேசையில் பழுக்க வைத்திருக்கும் வாழைத் தாரின் பக்கத்தில் பூ ஜாடியை வைக்கக் கூடாது. பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ்களைச் சுருட்டிக்கொண்டு தூங்கிப்போகும். பிறகு எழவே எழாது. வீட்டுத் தோட்டத்து ஹைட்ரேஞ்சியா ஜாடியில் துவண்டுபோனால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பூக்கொத்தை முழுவதுமாக ஒரு வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்தால், இதழ்கள் வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

மாதத்தில் பத்து நாள் வீடு பூட்டிக் கிடப்பதைப் பெரிய தடையாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் மலை வீட்டுத் தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை தாகத்தால் சாவதில்லை. அன்பு மிகுந்து தினமும் ஊற்றப்படும் தண்ணீரில் வேர் அழுகித்தான் சாகின்றன. குளிரில் செடி குடிப்பது குறைவு, மண் காய்வதும் தாமதம். அதிலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்ப் பக்கம் நின்று பெய்யும் நாட்களில், வீட்டுக்குள்ளே இருக்கும் தொட்டி மண் இரண்டு வாரம் ஆனாலும் ஈரமாகவே இருப்பதைப் பார்க்கலாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கோவை கிளம்பும் அன்று காலை, காய்ந்திருக்கும் தொட்டிகளுக்கு மட்டும் நன்றாக ஊற்றி, அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, நிம்மதியாகப் போய்வரலாம். பனிக்காலத்தில் போவதாக இருந்தால் ஜன்னல் கண்ணாடியை ஒட்டியிருக்கும் தொட்டிகளை ஒரு முழம் உள்ளே தள்ளி வைத்துவிடுங்கள், இரவில் வீட்டிலேயே அதிகம் குளிரும் இடம் அந்தக் கண்ணாடி ஓரம்தான்.

இனி எந்தச் செடி என்பது. மகன் அனுப்பியிருக்கும் ஐவிக் கொடி எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ, அந்த நிஜ ஐவி ஐரோப்பியக் குளிரில் வளர்வது. சூடான அறையில் வைத்தால் அதற்குச் சிலந்திப்பேன் பிடிக்கும். குளிர்ந்த, வெளிச்சமுள்ள அறையில் அது தழைத்துத் தொங்கும். கோவை வீட்டில் பாடுபட்டாலும் வாராத ஒன்று உங்கள் குன்னூர் ஜன்னலில் தானாக வரும் என்னும்போது, அதன் பிளாஸ்டிக் நகலைத் தொங்கவிடுவது எனக்கு மனம் பொறுக்கவில்லை. தொட்டியிலேயே வையுங்கள், தோட்டத்தில் இறக்க வேண்டாம். சுவரிலும் மரத்திலும் ஏறிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. நறுக்கும்போது சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும் என்பதால் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். வெயில் விழும் ஜன்னலுக்கு ஜெரேனியத்தைப் போல உழைக்கும் செடி வேறில்லை. அது வறட்சியைத் தாங்கும், பத்து நாள் உங்களைத் தேடாது. வெளிச்சம் இருந்தும் வெயில் விழாத இடத்துக்குப் பெரணியும் பிகோனியாவும் பொருந்தும். ஃபியூஷியாவைத் திண்ணை விளிம்பில் தொங்கவிட்டால், ஆண்டிஸ் மலைக் காடுகளின் குளிருக்குப் பழகிய அதன் பூக்கள் நம் பனிமூட்டத்தைத் தங்கள் ஊர் என்றே எடுத்துக்கொள்ளும். மங்கலான கூடத்துக்கு ஆஸ்பிடிஸ்ட்ரா கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். இருட்டையும் குளிரையும் கவனிப்பின்மையையும் ஒருசேரத் தாங்கிப் பழைய பங்களாக்களில் தலைமுறைகளாக நின்ற செடி அது. வாங்கும் முன் ஒரு மார்கழிக் காலையில் சிம்ஸ் பூங்காவில் ஒரு சுற்று நடந்து வாருங்கள். 1874-ஆம் ஆண்டிலிருந்து உங்கள் ஊரின் குளிரிலும் சரிவிலும் நிற்கிற தோட்டம் அது. குளிர்காலத்தில் அங்கே எது முகம் வாடாமல் இருக்கிறதோ அது உங்கள் வீட்டிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். முதல் ஆண்டில் நான்கு தொட்டிகள் போதும். காப்புக்காட்டிலிருந்து பாசியோ, மரத்தில் தொற்றியிருக்கும் ஆர்க்கிடோ பெயர்த்து வந்து விற்பவர்களிடம் மட்டும் வாங்காதீர்கள். சோலை ஒன்றைச் சிறிது சிறிதாகக் கொள்ளை கொடுப்பதற்கு நாம் துணைபோகக் கூடாது.

செயற்கைச் செடிகளை முற்றிலும் விலக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. ஆனால் அவற்றுக்குக் கவனிப்பு வேண்டாம் என்று கடையில் சொல்வது நம் மலைக்குப் பொருந்தாது. துணிப் பூவின் மடிப்புகளில் படியும் தூசியோடு மூடுபனியின் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். நகரத்தில் ஆசையாக வாங்கிவந்த துணி ஹைட்ரேஞ்சியா ஒன்று எங்கள் வீட்டில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கரும்புள்ளி விழுந்து புழுக்க வாடை வீசத் தொடங்கியது. பூட்டிக் கிடக்கும் வீட்டில் இது இன்னும் விரைவாக நடக்கும். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் வெளுத்துப்போகும். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறும்போது புற ஊதாக் கதிர்கள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகின்றன என்பதால், மலையில் சாயம் போவதற்கு அதிக நாள் எடுக்காது. கணப்புக்கும் ரூம் ஹீட்டருக்கும் அருகில் இந்தக் கொடிகளைத் தொங்கவிடவே கூடாது, பிளாஸ்டிக்கும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகித் தீப்பிடிப்பவை. இந்த ஒன்றை மட்டும் என் கடிதம் கிடைத்த அன்றே சரிபார்த்துவிடுங்கள்.

அப்படியானால் அவை எங்கே இருக்கலாம்? எந்த உயிர்ச் செடியும் வாழ முடியாத, ஜன்னல் வெளிச்சமே எட்டாத இடத்தில் இருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அது மாடிப்படிக்கு அடியிலுள்ள மூலை. ஆளுயரச் செடிகளில் ஒன்றை அங்கே வைத்து, மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்து, நல்ல வெயில் நாளில் நிழலில் காயவிட்டு எடுத்து வைத்தால் அது கௌரவமாகவே இருக்கும். நிஜச் செடிகளின் நடுவே மட்டும் அதைக் கலந்து வைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரணி துளிர்விட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த நாளும் ஒரே பச்சையில் நிற்கும் இலை கண்ணுக்குச் சட்டென்று பொய்யாகத் தெரிந்துவிடும். விருந்தினரும் நிஜச் செடியையே தொட்டுப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள்.

உங்கள் மாமியார் சொன்னதில் பூஜை அறையைப் பொறுத்தவரை நான் முழுக்க அவர் பக்கம். நேற்றுச் சார்த்திய பூ இன்று காலை நிர்மாலியமாக இறங்குவதும், அந்த இடத்தில் புதிய பூ ஏறுவதும் சேர்ந்ததுதான் நம் வீட்டு வழிபாடு. மல்லிகை நம் உயரத்தில் சரியாக வராது, சத்தியமங்கலத்திலிருந்து மலையேறி வரவேண்டியிருப்பதால் விலையும் கூடும்; ஆனால் தோட்டத்துச் சாமந்தியும் நாட்டு ரோஜாவும் அதற்குப் போதும். வீட்டின் மற்ற இடங்களில் அவர் மனம் வாடாமலும் ஜாடி காலியாக இல்லாமலும் இருக்க ஒரு வழி உண்டு. ஊட்டிப் பக்கம் எவர்லாஸ்டிங் என்று விற்பார்களே, தொட்டால் காகிதம் போலச் சரசரக்கும் பூ, அதை விதை போட்டு நீங்களே வளர்க்கலாம். பாதி விரிந்த நிலையில் தண்டோடு வெட்டி, கட்டாகக் கட்டி, தை மாசி வறண்ட காற்றில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் மாறாமல் ஓர் ஆண்டு இருக்கும். ஹைட்ரேஞ்சியாவையும் செடியிலேயே முற்றவிட்டு, இதழ் தோல்போலத் தடித்த பிறகு வெட்டி, ஜாடியில் இரண்டு விரற்கடை தண்ணீரில் நிறுத்தி அந்தத் தண்ணீர் தானாக வற்றும்வரை விட்டுவிட்டால், நீலம் மங்கிச் சாம்பல் பச்சை கலந்த ஓர் அழகிய நிறத்தில் காய்ந்து நிற்கும். நம் தேயிலை மண்ணின் புளிப்புத்தன்மையால்தான் அந்த நீலமே வருகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். ஒரு காலத்தில் உயிரோடு இருந்த, உங்கள் மண்ணிலேயே பூத்த பூ என்று சொன்னால் மாமியார் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

காற்று சுத்தமாகும் என்பதற்காக மட்டும் செடி வாங்காதீர்கள். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு ஒன்றிலிருந்து பரவிய நம்பிக்கை இது. அந்தச் சோதனை இறுக மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வு, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள்வரை வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. கோவையிலிருந்து திரும்பிய அன்று எல்லா ஜன்னல்களையும் ஒருமணி நேரம் திறந்து வையுங்கள். பூட்டிய வீட்டுக் காற்றுக்கு அதுவே மருந்து.

மகனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அந்தத் தயக்கம் கடிதம் முழுவதிலும் தெரிகிறது. வேண்டாத பூவைக் குப்பையில் போடுவது சரியாக இருக்காது. துணியும் பிளாஸ்டிக்கும் கம்பியும் ஒட்டிப் பிணைந்த அந்தப் பொருளைப் பிரித்து மறுசுழற்சி செய்ய வழியில்லை, குப்பை மேட்டில் மேயும் காட்டெருமையின் வயிற்றுக்குள் போகவும் கூடும். அடுத்த முறை அவர் வரும்போது, படிக்கட்டு மூலையில் அவர் வாங்கிய செடி துடைத்துப் பளிச்சென்று நிற்பதைக் காட்டுங்கள். மீதியைத் தூசி தட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, கோவையில் அவர் தங்கியிருக்கும் வீட்டுக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள். வெயிலுக்கு ஜன்னலை அடைத்துக்கொண்டு வாழ வேண்டியிருக்கும் அந்த ஊரில் அந்தப் பூக்களுக்கு உண்மையாகவே தேவை இருக்கிறது. பெட்டியோடு உங்கள் தோட்டத்து எவர்லாஸ்டிங் கட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.