வார்டில் யாருக்குத் தணிப்புச் சிகிச்சை?

கேள்வி: கோவிட் போல நோயாளிகள் குவியும்போது, தணிப்புச் சிகிச்சை யாருக்குத் தேவை என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்? வயதை வைத்தா?

பதில்: தணிப்புச் சிகிச்சை என்றால் நோயாளியின் வலி, மூச்சுத்திணறல் போன்ற அவதியைக் குறைக்கும் சிகிச்சை. அதற்கு வயது மட்டும் போதாது. 2020 மார்ச்சில் இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு, 65-ஐத் தாண்டியவர்களுக்கு ராக்வுட் தளர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்தச் சொன்னது. ஒருவர் அன்றாட வாழ்வில் எவ்வளவு தளர்ந்திருக்கிறார் என்பதற்கு மதிப்பெண் போடும் முறை அது. 1 என்றால் நல்ல திடம். 5 என்றால் கடைகண்ணி, பணவிஷயம், சமையலுக்குத் துணை வேண்டும். 6 என்றால் குளிக்கவும் ஆள் வேண்டும். 5-ம் அதற்கு மேலும் என்றால், தீவிர சிகிச்சை பலன் தருமா என்று யோசிக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். காய்ச்சலில் துவண்டு கிடப்பவரைப் பார்த்து மதிப்பெண் போடக் கூடாது. இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்று வீட்டாரிடம் கேளுங்கள். "தானே எழுந்து கழிப்பறை போனாரா?" என்ற ஒரு கேள்வியே நிறையச் சொல்லிவிடும். நெடுநாள் உடல் ஊனமுற்றோர், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதம் நைஸே அப்படித் திருத்தியது.

ஆனால் இந்த மதிப்பெண், வென்டிலேட்டர் போன்ற தீவிர சிகிச்சை பலன் தருமா என்ற கேள்விக்குத்தான். தணிப்புச் சிகிச்சைக்கு அடையாளம் அவதி: ஆக்ஸிஜன் கொடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல், பதற்றம், பிதற்றல். வென்டிலேட்டருக்குக் காத்திருப்பவருக்கும் தணிப்புச் சிகிச்சை உண்டு, குணமாகப் போகிறவருக்கும் உண்டு. மூச்சுத்திணறலைத் தணிக்க மார்ஃபின் என்ற வலிநிவாரணி தரப்படும். முன்பு அதை எடுக்காதவருக்கு, மருத்துவர் பொதுவாக வாய்வழி 2.5 மில்லிகிராமில் தொடங்குவார். சிறுநீரகம் பழுதென்றால் இன்னும் எச்சரிக்கை. கூடவே மலமிளக்கி எழுத மறந்தால், மூன்றாம் நாள் மலச்சிக்கல் என்ற வேறொரு அவஸ்தை.